சேலம், ஏற்காட்ட வெச்சே இங்கிலீஷ் பேச சொல்லிக் குடுக்கறது எப்படி? புதுசா கிளாஸ் எடுக்க வர்றவங்களுக்கு

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கப் போறேன், எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னு கேக்கறவங்களுக்குத்தான் இது. டியூஷன் சென்டர்ல புதுசா சேந்தவங்க, காலேஜ் முடிச்சுட்டு வீட்டு மாடியில பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறவங்க, ஏற்காட்டுல ஹோம்ஸ்டே பசங்களுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்னு நெனைக்கறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன். நான் கிளாஸ் எடுக்கறது அம்மாபேட்டை பக்கம். நெசவு வீட்டுப் பொண்ணுங்க வர்றாங்க, கொலுசுப் பட்டறைல வேலை பாக்கறவங்க வர்றாங்க, டாக்ஸி ஓட்டற அண்ணனுங்க ரெண்டு மூணு பேர் டூட்டி முடிச்சுட்டு நேரா வந்து உக்காருவாங்க.

கடையில விக்கற புக்க எடுத்துப் பாருங்க, மொத பாடமே லண்டன் ஏர்போர்ட்ல ஒருத்தர் டாக்ஸி புடிக்கறதாத்தான் இருக்கும். நம்மாளு அந்த ஊரையும் பாத்ததில்ல, அந்த வார்த்தையும் தெரியாது, ரெண்டையும் ஒரே நேரத்துல தலைல ஏத்தினா வாய் எங்கருந்து தொறக்கும்? அதே ஆளுகிட்ட மேட்டூர் டேம் எப்பங்க தொறப்பாங்கன்னு தமிழ்ல கேளுங்க, ஜூன் 12-ல ஆரம்பிச்சு காவிரிப் பிரச்சனை, டெல்டா விவசாயி, போன வருஷ மழைன்னு அரை மணி நேரம் நிறுத்தாம பேசுவாரு. விஷயம் அவர்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு, இங்கிலீஷ் மட்டுந்தான் இல்ல. அதனால நம்ம ஊரு சரித்திரமும் சுத்திப் பாக்கற எடங்களுமே சிலபஸ்னு வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. மீதி பாதி நீங்க கிளாஸுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பண்ண வேண்டியது, அதத்தான் வரிசையா சொல்றேன்.

மொதல்ல எடத்த பொறுக்குங்க

சேலம் மாவட்டத்துல பாக்கற எடம்னு லிஸ்ட் போட்டா நோட்டு பத்தாது, அத்தனையும் எடுக்காதீங்க. ஒரு பேட்சுக்கு ஆறோ ஏழோ எடம் போதும், ஆனா ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி பேச்சுக்கு எடம் குடுக்கணும். ஆறு கோயில எடுத்தீங்கன்னா ஆறு தடவையும் "இட் இஸ் எ வெரி ஓல்ட் டெம்பிள்"னு சொல்லிட்டு உக்காந்துருவாங்க. ஒரு டேம், ஒரு மலை, ஒரு கோயில், ஒரு தொழில், ஒரு தின்பண்டம், இப்ப இல்லாமப் போன ஒரு எடம், ஒரு மனுஷன், இப்படிக் கலந்து எடுங்க.

என் லிஸ்ட்ட சொல்றேன், உங்க ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. மேட்டூர் அணை, ஏற்காடு, தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், ஜவ்வரிசி மில், மாடர்ன் தியேட்டர்ஸ், ராஜாஜி, கடைசியா தட்டுவடை செட். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையும் சேத்துக்கலாம், ஆனா அது ஆடி மாசத்துல எடுத்தாத்தான் சூடு புடிக்கும், தை மாசத்துல எடுத்தா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க.

தகவல சரி பாக்கறது ரொம்ப முக்கியம். யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு, வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு எழுதிக் குடுத்துராதீங்க. நீங்க குடுக்கற வருஷத்ததான் அந்தப் பசங்க இன்டர்வியூல போய் சொல்லப் போறாங்க. அரசாங்க வெப்சைட், மாவட்ட கெஸட்டியர், கோயில் வாசல்ல தொல்லியல் துறை வெச்ச போர்டு, டேம்ல இருக்கற கல்வெட்டு, இந்த மாதிரி எடத்துல இருந்து எடுங்க. கர்ணபரம்பரைக் கதைன்னா அதையும் சேத்துக்கங்க, தப்பில்ல, ஆனா "பீப்பிள் சே தட்", "பீப்பிள் பிலீவ் தட்"னு முன்னாடி போட்டுத்தான் சொல்லணும்னு மொத நாளே பழக்கிடுங்க. ஏற்காட்டு மலை மேல இருக்கற சேர்வராயன் கோயிலுக்கு இது அப்படியே பொருந்தும். குகைக்குள்ள சாமி இருக்கு, சேர்வராயனும் காவேரியம்மனும், மே மாசம் திருவிழா, இதெல்லாம் கண்ணால பாக்கற விஷயம், நேரா சொல்லலாம். அந்தக் குகை எங்க போய் முடியுதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க பாருங்க, அதுக்குத்தான் "பீப்பிள் பிலீவ்".

எந்த எடத்துக்கு எந்த கிராமர்

கிராமர தனியா நடத்தாதீங்க. எடத்தப் பாத்தாலே எந்த கிராமர் வேணும்னு தெரிஞ்சுரும்.

கட்டடம்னா பேஸிவ், அதாவது யாரு செஞ்சாங்கன்னு சொல்லாம "கட்டப்பட்டது"ன்னு சொல்ற மாதிரி. மேட்டூர் அணையோட வேலை 1925-ல ஆரம்பிச்சு 1934-ல முடிஞ்சுது, அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஸ்டான்லி பேரத்தான் நீர்த்தேக்கத்துக்கு வெச்சாங்க. இதுல இருந்து மூணு வாக்கியம் வரும். "த டேம் வாஸ் பில்ட் பிட்வீன் 1925 அண்ட் 1934." "இட் டுக் நைன் இயர்ஸ்." "த ரிசர்வாயர் வாஸ் நேம்ட் ஆஃப்டர் கவர்னர் ஸ்டான்லி." இந்த மூணும் வாய்ல ஏறிடுச்சுன்னா அதே அச்சுல எந்தக் கட்டடத்தப் பத்தியும் பேசிடலாம். "வாஸ் பில்டட்"னு கண்டிப்பா நாலு பேர் சொல்வாங்க, அன்னிக்கே திருத்துங்க, அப்புறம்னு விட்டா ஒட்டிக்கும்.

செய்முறைன்னா அதே பேஸிவ், ஆனா நிகழ்காலம். ஜவ்வரிசிய விட நல்ல பாடம் இதுக்குக் கிடையாது. குச்சிக்கிழங்கு லாரில வந்து எறங்கும், கழுவி தோல் எடுத்து அரைப்பாங்க, அந்தப் பால வடிகட்டித் தொட்டில படிய விடுவாங்க, படிஞ்ச மாவ எடுத்துக் குலுக்கினா குட்டிக் குட்டியா உருண்டை திரளும், சல்லடைல சலிச்சு, வறுத்து, களத்துல காயப் போடுவாங்க. "த ரூட்ஸ் ஆர் வாஷ்ட், தென் தே ஆர் பீல்ட், தென் தே ஆர் க்ரஷ்ட்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா அடுத்தவர் அடுத்த ஸ்டெப்ப சொல்லணும், அப்படியே ரூமச் சுத்தி வரணும். ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தார்னா போதும், நீங்க எழுதிட்டு வந்ததுல நாலு தப்பு கண்டுபிடிச்சுருவார். விடுங்க, கண்டுபிடிக்கட்டும், அத இங்கிலீஷ்ல சொல்லணும்னு மட்டும் கேளுங்க. கூடவே ரெண்டு தகவல், ஜவ்வரிசி, ஸ்டார்ச் விக்கறதுக்கான சாகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது 1981-ல, சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கெடச்சது 2023-ல.

பழைய நெனப்புன்னா "யூஸ்ட் டு". இதுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டுல அந்த வளைவு மட்டும் நிக்குதே, தெனம் பஸ்ல அதத் தாண்டித்தான் போறாங்க, உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியறதில்ல. டி.ஆர். சுந்தரம் 1930-கள்ல ஆரம்பிச்ச கம்பெனி, நூத்துக்கும் மேல படம் எடுத்தாங்க, மலையாளத்தோட மொத பேசும் படமே 1938-ல இங்கருந்துதான் வந்துச்சு. கலைஞர் வசனம் எழுதினது, எம்.ஜி.ஆர். நடிச்சதெல்லாம் இங்க நடந்த கதைதான். "தே யூஸ்ட் டு மேக் ஃபிலிம்ஸ் ஹியர். நவ் ஒன்லி த ஆர்ச் ரிமெய்ன்ஸ்." இந்த ரெண்டு வரிய சொல்லிட்டு, அவங்கவங்க தெருவுல முன்னாடி இருந்து இப்ப இல்லாத ஒன்னச் சொல்லச் சொல்லுங்க. கிணறு, டூரிங் டாக்கீஸ், தறிச் சத்தம்னு வரும் பாருங்க, அன்னிக்கு கிளாஸ் நேரத்துக்கு முடியாது.

மனுஷங்களப் பத்தின்னா சாதாரண இறந்த காலம், "பிகேம்", "ஆஃப்டர் தட்". ராஜாஜி 1917-ல இருந்து 1919 வரைக்கும் சேலம் முனிசிபாலிட்டி சேர்மன், அப்புறம் 1948-ல இந்தியாவோட கவர்னர் ஜெனரல். கொஞ்சம் பேச வந்த பேட்சுன்னா விஜயராகவாச்சாரியார எடுங்க, 1882 சேலம் கலவர வழக்குல தண்டனை வாங்கி, அப்பீல்ல விடுதலையாகி, 1920-ல நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். 1944-ல நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேர் மாறினதும் நம்ம சேலத்து மாநாட்டுலதான். இந்த மாதிரி பாடத்துல அரசியல் சண்டை வரும், வந்தா நல்லதுதான், ஆனா இங்கிலீஷ்ல போடணும் சண்டைய. "ஐ டோன்ட் அக்ரி வித் யூ, அண்ணா"ன்னு ஒரு பொண்ணு எந்திரிச்சு சொன்னா உங்க கிளாஸ் தேறிடுச்சுன்னு அர்த்தம்.

தாரமங்கலத்துக்கு "இஃப்", "கேன்", "கான்ட்". அந்தப் பக்கத்த ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துக் கோயில், கல்லுலயே சங்கிலி, சிங்கத்து வாய்க்குள்ள உருளற கல்லு. "யூ கேன் ரோல் த பால், பட் யூ கான்ட் டேக் இட் அவுட்." சொல்லிப் பாத்தாலே சிரிப்பு வரும், மறக்காது. தட்டுவடை செட்டுக்கு கட்டளை வாக்கியம், "டேக் டூ தட்டுவடைஸ், புட் சட்னி, ஆட் கேரட் அண்ட் பீட்ரூட்"னு, அதுக்கு மேல விளக்கம் வேண்டாம், பசிதான் வரும்.

ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க

இப்ப பாடம் எழுதணும். நெட்ல இருந்து அப்படியே காப்பி எடுத்துக் குடுக்காதீங்க, அந்த இங்கிலீஷ் ரொம்ப கஷ்டம், "நெஸ்ல்ட் அமிட்ஸ்ட் த லஷ் கிரீன் ஹில்ஸ்"னு எல்லாம் இருக்கும், அத நாம யாருமே வாழ்க்கைல பேச மாட்டோம். நீங்களே எழுதுங்க. நூறு, நூத்திருபது வார்த்தை. ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம். புது வார்த்தை எட்டுல இருந்து பத்துக்குள்ள. எழுதி முடிச்சதும் சத்தமா படிச்சுப் பாருங்க, ஒரே மூச்சுல முடியலன்னா அந்த வாக்கியத்த வெட்டுங்க.

ஏற்காட்டுக்கு எழுதும்போது ஒன்னு கவனிங்க. கூகுள்ல தேடினா கலெக்டர் ஒருத்தர் ஏற்காட்டக் கண்டுபிடிச்சாருன்னு நெறைய எடத்துல போட்டிருக்கும். அத எழுதாதீங்க. மலையாளி பழங்குடி மக்கள் அந்த மலைல காலங்காலமா குடியிருக்காங்க, அவங்க வீட்டுப் பசங்க உங்க கிளாஸ்லயே உக்காந்திருக்கலாம், யாரோ வந்து கண்டுபிடிச்சாங்கன்னா அது வரைக்கும் இவங்க எங்க இருந்தாங்க? நடந்தது என்னன்னா, 1820-ல இருந்து 1829 வரைக்கும் சேலம் கலெக்டரா இருந்தவர் அங்க காபிச் செடியக் கொண்டு வந்து வெச்சார். "ஹி இன்ட்ரட்யூஸ்ட் காஃபி டு த ஹில்ஸ்"னு எழுதுங்க, சரியாவும் இருக்கும், "இன்ட்ரட்யூஸ்"னு உபயோகமான ஒரு வார்த்தையும் கெடைக்கும். அவர் பேர எழுத்துக் கூட்டிப் படிச்சா காக்பர்ன்னு வரும், சொல்றது கோபர்ன். இங்கிலீஷ எழுத்த நம்பிப் படிக்கக் கூடாதுங்கறதுக்கு இந்த ஒரு பேரே போதும்.

ஏற்காட்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, நெறையப் பேருக்குத் தெரியாது, ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச பாடம் அதுதான். ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல பல்லாவரத்துல கற்காலத்துக் கல்லாயுதத்தக் கண்டெடுத்தவர், அவர் குடியிருந்தது ஏற்காட்டுல. அவரோட மாமனார் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர உதவிக்கு வெச்சுக்கிட்டு பைபிளத் தமிழ்ல கொண்டு வந்தவர், நம்ம பழமொழியெல்லாம் தொகுத்து இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவர். அவரும் கடைசில ஏற்காட்டுலதான் காலமானார். இந்தப் பாடத்த முடிச்சதும் ஆளுக்கு ஒரு பழமொழி குடுத்து இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. ஒரு வெள்ளக்காரர் தமிழ்ப் பழமொழிய இங்கிலீஷுக்குக் கொண்டு போக முட்டி மோதினார்னு தெரிஞ்சா, நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ்ல திக்கறது அவ்ளோ பெரிய அவமானமாத் தெரியறதில்ல.

கிளாஸ்ல ஒரு மணி நேரம் எப்படிப் போகணும்

மொத அஞ்சு நிமிஷம் தமிழ்ல பேச விடுங்க. ஆமா, தமிழ்லதான். நோ தமிழ்னு போர்டு மாட்டி வெக்கற சென்டர் இருக்கு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மேட்டூருக்கு யார் யாரு போயிருக்கீங்க, என்ன பாத்தீங்க, மீன் எங்க சாப்ட்டீங்கன்னு கேட்டு, அவங்க சொல்றதுல இருந்து வார்த்தைய எடுத்து போர்டுல இங்கிலீஷ்ல எழுதிட்டே வாங்க. மதகு, தண்ணி தொறக்கறது, நீர்மட்டம், மூழ்கிப் போச்சு, இதெல்லாம் அவங்களே சொல்வாங்க, "ஷட்டர், ரிலீஸ் வாட்டர், வாட்டர் லெவல், சப்மெர்ஜ்ட்"னு நீங்க எழுதினா போதும்.

அடுத்து நீங்க எழுதின பத்திய ரெண்டு தடவ வாசிங்க, அவங்க கைல பேப்பர் குடுக்காம. மொத தடவ சும்மா கேக்கணும், ரெண்டாவது தடவ முக்கியமான வார்த்தைய மட்டும் குறிச்சுக்கணும். அப்புறம் மூணு மூணு பேரா சேந்து அந்தப் பத்தியத் திருப்பி எழுதணும். வார்த்தைக்கு வார்த்தை வர வேண்டாம், விஷயம் வந்தா போதும். இதுக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆகும், கச்சமுச்சான்னு சத்தம் வரும், விடுங்க.

அப்புறந்தான் முக்கியமான வேலை. ஒரே பாடத்துக்கு ரெண்டு சீட்டு ரெடி பண்ணிக்கங்க. ஏ சீட்டுல பாதி தகவல் காலியா இருக்கும், அது பி சீட்டுல இருக்கும், பி-ல காலியா இருக்கறது ஏ-ல இருக்கும். பக்கத்துச் சீட்டப் பாக்கக் கூடாது, கேட்டுத்தான் நிரப்பணும். என் கிளாஸ்ல டாக்ஸி அண்ணனும் நெசவு வீட்டுப் பொண்ணும் ஜோடியா உக்காந்தா இப்படித்தான் போகும்:

"அண்ணா, வென் டிட் தே ஃபினிஷ் த டேம்?"

"நைன்டீன்... தர்ட்டி ஃபோர்."

"தர்ட்டீனா தர்ட்டியா, கரெக்டா சொல்லுங்கண்ணா."

"தர்ட்டி, தர்ட்டி. த்ரீ ஜீரோ. இப்ப நான். ஹவ் மச் ஹைட், த வாட்டர்?"

"ஃபுல் லெவல் இஸ் ஒன் ட்வென்டி ஃபீட்."

"ஹௌ மச் வாட்டர் கேன் இட் ஹோல்ட்?"

"நைன்டி த்ரீ பாயின்ட் ஃபார்ட்டி செவன் டிஎம்சி."

இங்க ரெண்டு எடத்துல மட்டும் நான் உள்ள போவேன். புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ண ஒவ்வொன்னாத்தான் சொல்லணும், "பாயின்ட் ஃபோர் செவன்". அப்புறம் டிஎம்சின்னா என்னன்னு கேளுங்க, தெனம் பேப்பர்ல பாக்கறோம், விரிச்சுச் சொல்லச் சொன்னா பாதிப் பேர் முழிப்பாங்க. தவுசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட், அதாவது நூறு கோடி கன அடி. "ஹவ் மச் ஹைட்"ங்கறத அந்த நேரத்துல நான் தொட மாட்டேன், கேட்டவருக்குப் புரிஞ்சு பதிலும் வந்துருச்சு. கடைசில போர்டுல "ஹவ் ஹை"ன்னு எழுதி எல்லாருக்கும் பொதுவாச் சொல்லிக்கலாம், யார் சொன்னாங்கன்னு கை காட்ட வேண்டாம். எண்ணு, வருஷம், "நாட்" விட்டுப் போனது, இந்த மூணும் கேக்கறவர ஏமாத்திடும், அத உடனே திருத்துங்க. "எ", "த" விட்டுப் போறதெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

மேட்டூர் பாடத்துல எண்ணு மட்டும் இருந்தா காய்ஞ்சு போயிரும், நீர்த்தேக்கத்துக் கரையில இருக்கற பண்ணவாடிய சேத்துக்கங்க. டேம் கட்டினப்ப ஊருங்க தண்ணிக்குள்ள போச்சு, கோயிலும் சர்ச்சும் அதோட போச்சு. தண்ணி நல்லா கொறஞ்சுதுன்னா மொதல்ல சர்ச்சோட கோபுரம் தலை தூக்கும், இன்னும் கொறஞ்சா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும், ஜனங்க பரிசல்லயும் நடந்தும் போய்ப் பாப்பாங்க. "வென் த வாட்டர் லெவல் கோஸ் டவுன், த நந்தி அப்பியர்ஸ். வென் இட் கோஸ் அப், த நந்தி டிஸ்அப்பியர்ஸ்." இத சொல்லிட்டு தெனமும் பேப்பர்ல வர்ற நீர்மட்டம், வரத்து, வெளியேத்தம் மூணையும் ஒருத்தர் கிளாஸ் ஆரம்பத்துல நியூஸ் மாதிரி வாசிக்கணும்னு வெச்சுடுங்க. "டுடே த லெவல் இஸ்..., இன்ஃப்ளோ இஸ்..., அவுட்ஃப்ளோ இஸ்..." ஒரு நிமிஷ வேலைதான், எண்ணு பயம் போயிரும்.

உச்சரிப்பு பத்தி கொஞ்சம்

நம்ம பக்கத்து நாக்குக்கு மூணு எடத்துல இடிக்கும். ஒன்னு, "ஃப" வர வேண்டிய எடத்துல "ப" வர்றது, ஏற்காட்டு கிளியூர் அருவிய, கிளியூர் ஃபால்ஸ்னு சொல்லாம கிளியூர் பால்ஸ்னு சொன்னா கேக்கறவங்க பந்துன்னு நெனச்சுப்பாங்க. மேல் பல்லு கீழ் உதட்டத் தொடணும்னு கண்ணாடி குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு, "இஸ்டீல் பிளான்ட்", "இஸ்கூல்"னு முன்னாடி ஒரு "இ" ஒட்டிக்கறது, "ஸ்ஸ்ஸ்"னு இழுத்துட்டு அப்புறம் "டீல்" சேக்கச் சொன்னா சரியாயிரும். மூணு, தர்ட்டி தர்ட்டீன், அது மேலயே பாத்தோம். இதுக்கு மேல ஆக்சென்ட்னு சொல்லி வாய வளைச்சு நெளிச்சு பேச வெக்காதீங்க. சேலத்துக்காரர் சேலத்துக்காரர் மாதிரி இங்கிலீஷ் பேசினா ஒரு கொறையும் இல்ல, புரியணும் அவ்ளோதான்.

கைடு மாதிரி நடிக்க வெக்கறது

நாலஞ்சு எடம் முடிஞ்சதும் ஒரு நாள் முழுக்க ரோல் பிளே. ஒருத்தர் கைடு, மத்தவங்க டூரிஸ்ட். இதுல புதுசா வர்ற டீச்சர் எல்லாரும் டூரிஸ்ட்னா அமெரிக்காக்காரர்னு வெச்சுப்பாங்க. ஏற்காட்டுக்கு யாரு வர்றாங்கன்னு லேக் பக்கம் பத்து நிமிஷம் நின்னு பாருங்க, வண்டி நம்பர் எல்லாம் கர்நாடகா, கேரளா, ஆந்திரா, தெலுங்கானா. பெங்களூர்ல இருந்து வந்த குடும்பத்துக்கும் நம்ம பசங்களுக்கும் நடுவுல பாலமா இருக்கப் போறது இந்த இங்கிலீஷ்தான். அதனால ரோல் பிளேல வர்ற கேள்வியும் அவங்க கேக்கற கேள்வியாவே இருக்கட்டும். "வேர் கேன் வி கெட் வெஜ் ஃபுட்? இஸ் தேர் வாட்டர் இன் த ஃபால்ஸ் நவ்? ஹவ் மெனி ஸ்டெப்ஸ்? இஸ் இட் ஓகே ஃபார் மை மதர்? வாட் டைம் டஸ் த போட் ஹவுஸ் க்ளோஸ்?" அம்மாவுக்கு முட்டி வலி, கிளியூர் எறங்க முடியுமாங்கற கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்றதுதான் உண்மையான பரீட்சை. "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் ஹர், சார். லேடீஸ் சீட் இஸ் பெட்டர், த கார் கோஸ் அப் டு தேர்." லேடீஸ் சீட்னா மேல இருந்து சேலத்தப் பாக்கற வியூ பாயின்ட். இந்தப் பதில ஒரு ஹோம்ஸ்டே பையன் தடுமாறாம சொல்லிட்டா அவன் வேலைக்கு அது போதும்.

ஒப்பிட்டுச் சொல்றதும் இங்கயே வந்துரும். சித்திரைல சேலம் 40 டிகிரி அடிக்கும், மேல ஸ்வெட்டர் தேடுவோம். "ஏற்காட் இஸ் மச் கூலர் தன் சேலம்." ஊட்டியோட ஒப்பிட்டா? "இட் இஸ் ஸ்மால்லர் அண்ட் சீப்பர் தன் ஊட்டி." இது என் சொந்தக் கருத்து, உங்க கிளாஸ்ல ஒத்துக்காதவங்க இருந்தா வாதாடட்டும்.

கடைசில ஒரு நாள் மேல போயிட்டு வாங்க

முடிஞ்சா பேட்ச் முடியற நேரத்துல ஒரு நாள் ஏற்காடு போங்க. சனி ஞாயிறு வேண்டாம், வண்டி ஊர்ந்து போகும், ஒரு வாக்கியம் பேச எடம் கெடைக்காது. மே மாசம் கோடை விழா சமயத்துல போனா அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி பாக்கலாம், ஆனா கூட்டம் அள்ளும். கிளியூர்ல தண்ணி வேணும்னா மழை முடிஞ்ச கையோட போகணும், வெயில் காலத்துல பாறைதான் இருக்கும். குரங்கு இருக்கற எடத்துல கைல தின்பண்டத்த வெச்சுக்கிட்டு பாடம் நடத்தாதீங்க.

பாடம் அடிவாரத்துலயே ஆரம்பிச்சுரும். மேல போற வழில இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போர்டு. வளைவுக்கு ஒருத்தர்னு பிரிச்சு விட்டுருங்க. "வி ஆர் அட் த செவன்த் ஹேர்பின் பெண்ட். ஆன் த லெஃப்ட் யூ கேன் சீ..."ன்னு அவர் ஒரு வரி சொல்லணும், அடுத்த வளைவு வர்றதுக்குள்ள. வாந்தி வர்றவங்கள ஜன்னல் பக்கம் உக்கார வெச்சு அவங்களுக்கு லீவு விட்டுருங்க.

மேல போனதும் லேடீஸ் சீட்ல அர மணி நேரம். கீழ சேலம் டவுன் விரிஞ்சு கெடக்கும், ஜங்ஷன் எங்க, அம்மாபேட்டை எங்க, கஞ்சமலை எங்கன்னு கை காட்டிச் சொல்லச் சொல்லுங்க, "பிஹைண்ட், நெக்ஸ்ட் டு, பியான்ட், ஆன் தி அதர் சைட் ஆஃப்" எல்லாம் அங்கயே பழகிடும். அப்புறம் பகோடா பாயின்ட், தாவரவியல் பூங்கால ஆர்க்கிட், சேர்வராயன் கோயில். எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஓடாதீங்க, மூணு எடம் போதும். ஆளுக்கு ஒரு சின்ன வேலை குடுங்க, வெளியூர்க்காரங்க யாராவது ஒருத்தர்கிட்ட மரியாதையா அனுமதி கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டு பதில் வாங்கிட்டு வரணும். "எக்ஸ்கியூஸ் மி சார், வி ஆர் லேர்னிங் இங்கிலீஷ். கேன் ஐ ஆஸ்க் யூ ஒன் க்வெஸ்சன்?" மாட்டேன்னு சொன்னா "தேங்க் யூ, சார், நோ ப்ராப்ளம்"னு சொல்லிட்டு வந்துரணும், அதுவும் பாடந்தான். பொண்ணுங்கள தனியா அனுப்பாதீங்க, ரெண்டு ரெண்டு பேரா போகட்டும்.

எறங்கி வந்த அன்னிக்கே ராத்திரி ஆளுக்கு ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் குரூப்ல போடச் சொல்லுங்க, எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது. அடுத்த கிளாஸ்ல அத எல்லாரும் கேட்டு, ஜோடி ஜோடியா அதையே எழுத்துல கொண்டு வரணும். அப்படி வந்ததுல நல்லதா நாலஞ்ச எடுத்து வெச்சுக்கங்க, அடுத்த பேட்சுக்கு உங்க பத்திக்குப் பதிலா அதையே பாடமாக் குடுக்கலாம், எழுதினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. ஜெராக்ஸ் போடறதுக்கு முன்னாடி வருஷத்தையும் எண்ணையும் மட்டும் ஒருக்கா சரி பாத்துருங்க.